பழைய கம்ப்யூட்டரைக் கொடுப்பதா, கழிப்பதா? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ எந்த வீட்டுப் பரணை எட்டிப் பார்த்தாலும் கம்ப்யூட்டர் சாமான் ஏதாவது ஒன்று கிடக்கும். 2011 இல் தொடங்கிப் பல ஆண்டுகள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன் புதுசு வாங்கியதும் விட்டுப் போன லேப்டாப், பிரவுசிங் சென்டரை மூடியபோது வீட்டுக்கு வந்த சிபியு, எதற்கென்றே தெரியாத ஒரு பை நிறைய ஒயர். 2025 அக்டோபர் 14 ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதால் இந்தக் குவியல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால், இன்டெல் ப்ராசஸரில் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையாவது இருக்க வேண்டும்.

இதில் நம் ஆட்கள் செய்வது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. நன்றாக ஓடுகிற லேப்டாப்பைக் காயலான் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். ஓடாத சிபியுவை "ஏதாவது ஸ்கூலுக்குக் கொடுத்துடலாம்" என்கிறார்கள். அரசுப் பள்ளிக்கு ஒரு பொருள் போனால் அது இருப்புப் பதிவேட்டில் ஏறும். ஏறிய பொருளைத் தலைமை ஆசிரியர் நினைத்த நேரத்தில் தூக்கிப் போட முடியாது. கழிவு செய்ய முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். ஆகவே நீங்கள் கொடுத்த செத்த சிபியு பல ஆண்டுகள் அங்கே ஒரு மூலையை அடைத்துக்கொண்டு கிடக்கும். கொடுப்பது வேறு வேலை, கழிப்பது வேறு வேலை. எது எதற்கு என்று முதலில் பிரித்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக வரும்.

முதல் படி: பிரிப்பது

லேப்டாப்பாக இருந்தால் சார்ஜ் போடுவதற்கு முன் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதில் கரன்ட் ஏற்றவே கூடாது. அதை என்ன செய்வது என்பது கீழே தனியாக இருக்கிறது.

வீக்கம் இல்லையென்றால் ஆன் செய்து பாருங்கள். ஒருவருக்குக் கொடுக்கத் தகுந்தது என்று நான் சொல்வது இதைத்தான்: 64 பிட் ப்ராசஸர், குறைந்தது 4 ஜிபி ரேம் (அல்லது அதுவரை ஏற்றிக்கொள்ள முடிகிற போர்டு), கோடு விழாத திரை, எல்லா விசையும் வேலை செய்யும் கீபோர்டு, லேப்டாப்பானால் அதன் சார்ஜர். இன்டெல் ஐ3, ஐ5 வகையில் இரண்டாம் தலைமுறையிலிருந்து வந்தவை, பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) போட்டால் இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைக்குப் போதும். கோர் 2 டுவோ, பென்டியம் 4 காலத்துச் சிபியுக்களை மறந்துவிடலாம். "ஓடுதே" என்று சிலர் வாதாடுவார்கள். ஓடும்தான், ஆனால் ஒரு வீடியோ பாடம் திறப்பதற்குள் பிள்ளைக்குப் பொறுமை போய்விடும்.

சில பொருள்களை யாருக்கும் தானமாகக் கொடுக்க வேண்டாம். டப்பா மானிட்டர் (பின்பக்கம் பெருத்த பழைய வகை), மை காய்ந்து தலை அடைத்த இங்க்ஜெட் பிரிண்டர், பேட்டரி செத்த யூபிஎஸ் மூன்றும் கழிவுப் பக்கம்தான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. போர்டு போய்விட்டது, ஆனால் திரை நன்றாக இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் (சிபியுவுக்குள் கரன்ட் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது, ரேம் நன்றாக இருக்கிறது. இதை நேராகக் கழிவில் சேர்க்காமல் உள்ளூர் சர்வீஸ் கடையில் காட்டுங்கள். ஒரு லேப்டாப்பின் திரையோ கீபோர்டோ இன்னொரு லேப்டாப்புக்கு உயிர் கொடுக்கும். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கிடுகிடுவென்று ஏறியதில் பழைய ரேமுக்கும் மதிப்பு கூடியிருக்கிறது. கடைக்காரரிடம் விலையைப் பேசிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரசு கொடுத்த மடிக்கணினி விற்பதற்காகத் தரப்பட்டதல்ல. ஓடுகிற நிலையில் இருந்தால் குடும்பத்திலேயே படிக்கிற தம்பி, தங்கைக்கோ சித்தப்பா பிள்ளைக்கோ கை மாறட்டும்.

இரண்டாம் படி: உள்ளே இருப்பதைத் துடைப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

டெலிட் செய்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், சாதாரணமாக ஃபார்மட் செய்தாலும் ஃபைல் அங்கேயேதான் இருக்கும். ஊர்ப் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் ஊர் இல்லாமல் போய்விடுமா? அது மாதிரிதான். இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டினால் கல்யாண போட்டோவிலிருந்து பத்திரம் ஸ்கேன் செய்தது வரை திரும்ப வந்துவிடும்.

முதலில் வேண்டியதை எடுத்து வையுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டி டிரைவ், ஈ டிரைவ் எல்லாவற்றையும் பாருங்கள். நம் ஊரில் முக்கியமானதெல்லாம் டி டிரைவில்தான் இருக்கும், "விண்டோஸ் போனாலும் பத்திரமா இருக்கட்டும்" என்று. டேலி வைத்திருந்தால் டேட்டாவைக் காப்பி எடுத்தபின் அந்த மெஷினில் லைசன்ஸைச் சரண்டர் செய்யுங்கள். அதை விட்டுவிட்டால் புது மெஷினில் ஏற்றும்போது தொல்லை. டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், பென்டிரைவ் மாதிரியான பொருள்) யுஎஸ்பியில் குத்தியபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, வாட்ஸ்அப் வெப், ஜிமெயில், மைக்ரோசாஃப்ட் கணக்கு எல்லாவற்றிலிருந்தும் வெளியே வாருங்கள். மேக் என்றால் ஐகிளவுடிலிருந்தும் வெளியேறி 'ஃபைண்ட் மை' வசதியை நிறுத்த வேண்டும். அது பூட்டியே இருந்தால் வாங்குகிறவரால் அதைத் திறக்க முடியாது. பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பு) பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதையும் எடுங்கள்.

அப்புறம் துடைப்பது. எளிய வழி விண்டோஸிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் ரெகவரி, அதில் 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்'. இதோடு நின்றுவிடாதீர்கள். 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று சின்ன எழுத்தில் ஒன்று இருக்கும். அதைத் திறந்து 'கிளீன் டேட்டா'வையும், எல்லா டிரைவிலிருந்தும் அழிக்கச் சொல்லும் தேர்வையும் ஆன் செய்யுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால் சி டிரைவ் மட்டும் சுத்தமாகும். உங்கள் டி டிரைவ் பத்திரமாக அடுத்தவர் கைக்குப் போகும்.

சுழலும் ஹார்டு டிஸ்க்கை இன்னும் கெட்டியாகத் துடைக்க 'ஷ்ரெட்ஓஎஸ்' என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யலாம். டிஸ்க் முழுவதும் ஒரு முறை சுழியங்களை எழுதினால் போதும். ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்பதெல்லாம் பழைய காலத்து பயம். 1 டிபி டிஸ்க்குக்கு ஒரு சுற்றே மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கலாம், ஆகவே கரன்ட் போகாத நேரம் பார்த்து ஆரம்பியுங்கள். தொடங்கும் முன் உங்கள் பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். பட்டியலில் தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் திரும்பப் பெற வழியே இல்லை.

எஸ்எஸ்டிக்கு இந்த முறை சரிவராது. அது எங்கே எழுதுகிறது என்பதை அதன் உள் சில்லுதான் முடிவு செய்கிறது. மேலே மேலே எழுதினாலும் சில இடங்களில் பழசு மிஞ்சும். தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளிலோ சில மெஷின்களின் பயாஸிலோ 'செக்யூர் இரேஸ்' என்ற வசதி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் புரோ இருந்தால் இன்னொரு வழி: பிட்லாக்கர் என்ற பூட்டு வசதியை ஆன் செய்து டிரைவ் முழுவதும் பூட்டி முடியும் வரை விட்டு, பிறகு ரீசெட் செய்வது. மிஞ்சிய துணுக்குகள் பூட்டிய நிலையிலேயே கிடக்கும், சாவி போய்விட்டிருக்கும்.

மெஷினே ஆன் ஆகவில்லையா? டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். நான்கு ஸ்க்ரூ வேலைதான். சர்வீஸ் கடையில் வேறு மெஷினில் மாட்டி, உங்கள் கண் முன்னாலேயே துடைக்கச் சொல்லலாம். டிஸ்க்கே செத்துவிட்டது என்றால் தட்டுகளை ஊடுருவுகிற மாதிரி டிரில்லிங் மெஷினால் இரண்டு, மூன்று ஓட்டை போட்டுவிடுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு கண்ணாடியாக இருக்கலாம், சில்லு தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்பு முக்கியம். எஸ்எஸ்டியில் ஓட்டை போடுவதென்றால் ஒவ்வொரு கறுப்புச் சில்லும் உடைய வேண்டும். எதிலும் நம்பிக்கை வரவில்லையென்றால் டிஸ்க்கை மட்டும் நீங்களே வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் ஒரு மடங்கு கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் டிஸ்க்கில் இருப்பது உங்கள் தகவல் மட்டும் இல்லை. ஊத்தங்கரையிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வந்தவர்களின் ஆதார், பேங்க் பாஸ்புக், சாதிச் சான்றிதழ், பட்டா எல்லாம் ஸ்கேன் ஆகி டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: பெரிய ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றுக்குள்ளும் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் விடும் முன் அதன் மெனுவில் டேட்டாவை அழிக்கும் தேர்வைத் தேடுங்கள், இல்லையென்றால் சர்வீஸ் ஆளை டிஸ்க்கைக் கழற்றித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: கொடுப்பதைக் கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவருவது

வாங்குகிறவர் சுவிட்சைப் போட்டதும் வேலை செய்ய வேண்டும். அளவுகோல் அவ்வளவுதான்.

ஃபேனில் அடைத்த தூசியை ஊதி எடுங்கள். நம் பக்கத்து கிரானைட், செம்மண் தூசிக்கு இது கட்டாயம். 240 ஜிபி அளவில் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். நீங்கள் செய்யும் செலவு அது ஒன்றுதான், மெஷினின் வேகமே மாறிவிடும்.

விண்டோஸ் 11 ஏறாத மெஷினில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வடிவம் 4 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும். திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். "லினக்ஸ் எல்லாம் பிள்ளைகளுக்குப் புரியுமா?" என்று கேட்பவர்களுக்கு: அரசு மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது, பிளஸ் ஒன் கணினிப் பாடத்திலும் உபுண்டு என்ற லினக்ஸ் வகை வந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் புரிகிறது, தயங்குவது நாம்தான். லிப்ரே ஆபீஸ், தமிழ்99 விசைப்பலகை, பயர்பாக்ஸ், சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்பிரிஸ் என்ற கல்வி விளையாட்டு ஆகியவற்றை ஏற்றி வையுங்கள். கடைசியாக ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்து, பாஸ்வேர்டு, ரேம் அளவு, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மூடியில் ஒட்டுங்கள்.

நான்காம் படி: யாருக்குக் கொடுப்பது

என் பார்வையில் முதல் இடம் உங்களுக்குத் தெரிந்த ஒரு மாணவருக்கு. கல்லூரியில் சேர்ந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண், உங்கள் கடையில் வேலை பார்ப்பவரின் பையன். பழுதானால் உங்களிடமே வந்து கேட்பார்கள்.

பள்ளிக்கு என்றால் தூக்கிக்கொண்டு போய் நிற்காமல் முதலில் கேளுங்கள். "சார், ஓடுற லேப்டாப் ரெண்டு இருக்கு, உங்க ஸ்கூலுக்குப் பயன்படுமா? எந்த வகுப்புக்கு, யார் பார்த்துக்குவாங்க?" என்று தலைமை ஆசிரியரிடம் நேராகப் பேசினால் போதும். பல உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஏற்கெனவே ஹைடெக் லேப் இருக்கிறது, அங்கே உங்கள் பழைய மெஷின் தேவைப்படாது. சின்னப் பள்ளிகளில் தேவை இருக்கலாம். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி பக்கம் இருக்கும் மலை கிராமப் பள்ளி என்றால் டெஸ்க்டாப்பைவிட லேப்டாப்பே நல்லது. கரன்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும், கோளாறு என்றால் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்து வரலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லித் தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள். முறையாக அரசு வழியில் கொடுக்க நினைப்பவர்களுக்கு 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் இருக்கிறது. அதன் இணையதளத்தில் பள்ளிகளின் தேவைகளைப் பார்க்கலாம்.

ஐடிஐ, பாலிடெக்னிக்கில் ஹார்டுவேர் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஓடாத சிபியுவும் பயன்படும், பிள்ளைகள் பிரித்து மாட்டிப் பழக. அதுவும் கேட்டுவிட்டுத்தான்.

வருமான வரி பற்றி ஒரு வார்த்தை. நன்கொடைக்கான வரிச் சலுகை பணமாகக் கொடுத்தால்தான். பொருளாகக் கொடுத்த கம்ப்யூட்டருக்குக் கிடையாது, யாராவது ரசீது தருகிறேன், கழித்துக்கொள்ளலாம் என்றால் நம்பாதீர்கள்.

ஐந்தாம் படி: கழிவைச் சரியான கையில் சேர்ப்பது

காயலான் கடைக்காரர் மேல் கோபம் வேண்டாம், அவர் எடைக்கு வாங்கி எடைக்கு விற்கிறார். அவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதுதான் பிரச்சினை. செம்புக்காக ஒயரைக் கொளுத்துவார்கள்; அதன் பிவிசி உறை எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு வரும். தங்கத்துக்காகப் போர்டை ஆசிட்டில் ஊற வைத்து, மிஞ்சிய ஆசிட்டைத் தரையில் ஊற்றுவார்கள். உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் இந்தத் தொழிலின் சாம்பல் ராம்கங்கை ஆற்றங்கரை வரை போயிருக்கிறது. ஒரு டப்பா மானிட்டரின் கண்ணாடியில் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் ஈயம் இருக்கலாம். நம் நிலத்தடி நீரில் ஏற்கெனவே இருக்கும் புளோரைடுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதே நிலத்தில் ஈயத்தையும் இறக்க வேண்டுமா?

மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. இதன்படி மறுசுழற்சி செய்பவரும் பழுதுநீக்கிப் புதுப்பிப்பவரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் தயாரித்து விற்கும் நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. ஆகவே முதலில் உங்கள் மெஷினின் பிராண்டுக்குக் கேளுங்கள். டெல், எச்பி, லெனோவா, ஏசர் போன்றவை இந்தியாவில் பழைய பொருளைத் திரும்ப எடுக்கும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. அவர்கள் இணையதளத்தில் மின்கழிவு பற்றிய பக்கத்தில் எண் இருக்கும்.

இல்லையென்றால் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம். மத்திய வாரியத்தின் தளத்தில் மாநில வாரியாகப் பட்டியல் கிடைக்கும். சென்னை, பெங்களூரு சுற்றுவட்டாரத்தில் நிறைய இருக்கின்றன, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு சிபியுவுக்காக வண்டி அனுப்ப மாட்டார்கள். நம் மாவட்டத்தில் உண்மையான முட்டுக்கட்டை இதுதான், இதற்கு வழி ஒன்று சேர்வதுதான். ஒரு தெரு, ஒரு கல்லூரி, ஓசூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, ஊரில் இருக்கும் சர்வீஸ் கடைக்காரர்கள் என்று யாராவது ஒருவர் முன்னெடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகரித்தால் மினி லாரி நிறைய சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு போன் செய்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். வருகிறவரிடம் மூன்றைக் கேளுங்கள்: வாரியத்தின் பதிவுச் சான்று, அது எந்தத் தேதி வரை செல்லும், எடைக்கு ரசீது. சான்றில் இருக்கும் பெயரும் தளத்தில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். "நாங்க கவர்ன்மென்ட் அப்ரூவ்டு" என்ற வாய்வார்த்தை போதாது. போர்டுகளுக்குக் கொஞ்சம் பணம் தரலாம், டப்பா மானிட்டருக்கு எதுவும் வராமல் போகலாம்.

சேகரித்ததை நீங்களே பிரிக்க வேண்டாம். டப்பா மானிட்டருக்குள்ளும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரன்ட் தேங்கி நிற்கும். பழைய எல்சிடி திரைகளின் விளக்கில் பாதரசம் இருக்கும், குழாய் உடையாமல் தூக்குங்கள்.

பேட்டரி, டோனர்

வீங்கிய லேப்டாப் பேட்டரியைக் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், குப்பை வண்டியில் போடாதீர்கள். எளிதாகக் கழற்ற முடிந்தால் கழற்றி, முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் போட்ட மண் சட்டியில் வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைப் பரணில் வைப்பது தீயோடு விளையாடுவது. திருகினால்தான் கழறும் என்றால் சர்வீஸ் கடை வேலை. கூரியரிலோ பஸ் பார்சலிலோ அனுப்பவே கூடாது.

யூபிஎஸ் பேட்டரி சுலபம். ஈய ஆசிட் பேட்டரியைக் கடைக்காரரே புதுசுக்குக் கழித்து எடுத்துக்கொள்வார். பேட்டரிக் கழிவுக்கும் 2022 இலிருந்து தனி விதி இருக்கிறது. டோனரைத் தட்டிக் கொட்டாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி மற்ற கழிவோடு கொடுங்கள்.

கம்பெனி, கல்லூரி, ஆபீஸ்

ஒரு நிதியாண்டில் எப்போதாவது ஆயிரம் மின்சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம் 'மொத்தப் பயன்பாட்டாளர்' ஆகிறது. கம்ப்யூட்டர் மட்டும் கணக்கில்லை, விதியின் அட்டவணையில் 106 வகை இருக்கிறது. ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் பலவும், பெரிய கல்லூரிகள் சிலவும் இதற்குள் வந்துவிடும். அவர்கள் பதிவு பெற்றவரிடம் மட்டுமே கழிவைக் கொடுக்க வேண்டும். ஸ்கிராப் ஏலத்தில் இரும்போடு சேர்த்து விடுவது விதிப்படி தவறு.

கை மாறும்போது ஒரு தாள்

தானமோ கழிவோ, மெஷினின் சீரியல் எண், தேதி, வாங்கியவர் பெயர், கையெழுத்து என நான்கு வரியில் ஒரு தாள் எழுதி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி என்றால் லெட்டர்பேடில் முத்திரையோடு கேளுங்கள். பின்னாளில் அந்த மெஷின் யார் கையிலாவது சிக்கி ஏதாவது வம்பு என்று விசாரணை வந்தால், சீரியல் எண்ணை வைத்துத் தேடிக்கொண்டு முதலில் வருவது வாங்கிய பில்லில் பெயர் இருப்பவரிடம்தான். அன்றைக்குக் காட்ட அந்தத் தாள் போதும்.